பாடத்துக்குப் பத்தொன்பது நிமிடம்

எனக்கென்று சொந்தமாக ஒரு வேகம் இருக்கிறது என்பது ஐம்பத்து நான்கு வயது வரை எனக்குத் தெரியாது. கல்லூரி மெயில் போட்டுத்தான் தெரிந்தது.

"அன்புள்ள வெல்டன் ப்ரூயிட், வாழ்த்துகள்! உங்கள் சொந்த வேகம் கண்டறியப்பட்டுவிட்டது. பாடத்துக்குப் பத்தொன்பது நிமிடம்."

கீழே ஓடுகிற மான் ஒன்றின் படம். அதற்கும் கீழே, இந்த மெயிலை வீட்டில் உள்ளவர்களுடன் பகிர்ந்து மகிழுங்கள் என்று ஒரு வரி. என் வீட்டில் நான் மட்டும்தான். பகிர்ந்துகொண்டேன். மகிழ்ச்சி வரவில்லை. ஏனென்றால் அந்தப் பத்தொன்பது நிமிடம் என்னுடையது இல்லை. லோர்னா ட்வெயிட்டுடையது.

நான் ஆர்கன்சாஸ்காரன். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஓர் அறுவடைக்கு என்று வட டகோட்டாவுக்கு வந்தேன். திரும்பிப் போகவில்லை. யாரும் கூப்பிடவில்லை என்பதும் ஒரு காரணம். சர்க்கரை ஆலையின் யார்டில் வேலை. வயலிலிருந்து லாரிகள் சர்க்கரை பீட்ரூட்டை ஏற்றிக்கொண்டு வரும். எடை மேடையில் ஏறும். கொட்டிவிட்டு வெறும் லாரியாக மறுபடி ஏறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சீட்டில் அடித்து ஜன்னல் வழியாக நீட்டுவது லோர்னா. லாரிகளை வரிசைப்படுத்துவது நான்.

லோர்னாவுக்கு அறுபத்தொன்று. அந்த ஜன்னலில் முப்பத்தோரு அறுவடை பார்த்தவர். ஜன்னல் திறந்தேதான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சீட்டு கொடுக்க முடியாது. பனிக்காற்றில் அவருடைய வலது கை விரல்கள் வெடித்துவிடும். விரலுக்கு ஒரு பிளாஸ்திரி. சீட்டை வாங்குகிற லாரிக்காரர்கள், "இன்னைக்குக் கட்டை விரலா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

இந்த ஊரில் எதையும் மூன்று தடவை கேட்க வேண்டும். "காபி வேணுமா?" என்றால், "ஐயோ, வேண்டாம்" என்பார்கள். அது வணக்கம் மாதிரி. "கொஞ்சமாவது குடிங்களேன்" என்றால், "உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்பார்கள். அது நலம் விசாரிப்பது மாதிரி. மூன்றாவது தடவை கேட்டால்தான் பதில் வரும். அதே போல, தட்டில் இருக்கும் கடைசித் துண்டு கேக்கை யாரும் எடுக்க மாட்டார்கள். பாதியாக வெட்டி, பாதியைத் தட்டிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். அடுத்து வருகிறவர் அந்தப் பாதியைப் பாதியாக்குவார். சாயங்காலம் பார்த்தால் பட்டாணி அளவு ஒரு துணுக்கும், பக்கத்தில் ஒரு பெரிய கத்தியும் கிடக்கும்.

வந்த முதல் வருடம் இது எனக்குத் தெரியாது. சர்ச்சின் அடித்தள ஹாலில், தட்டில் ஒரே ஒரு எலுமிச்சைத் துண்டு தனியாகக் கிடந்தது. எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டேன். நாற்பது பேர் பேச்சை நிறுத்தினார்கள். இன்றைக்கும் என்னைப் புதியவர்களுக்கு அறிமுகப்படுத்தும்போது, "இவர் வெல்டன், தெற்கேயிருந்து வந்தவர்" என்று சொல்லி ஒரு விநாடி நிறுத்துவார்கள். அந்த ஒரு விநாடிதான் அந்தத் துண்டு.

செப்டம்பரில் ஒருநாள் மேனேஜர் எடை அறைக்கு வந்தார். யார்டு மேற்பார்வையாளர் மார்ச்சில் ஓய்வு பெறுகிறாராம்.

"உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் அடுத்த மேற்பார்வை," என்றார். "வருஷம் பூரா வேலை. இன்சூரன்ஸ் உண்டு. ரூம்ல ஹீட்டர் உண்டு. ஒரே ஒரு நிபந்தனை. கல்லூரிக் கணக்கு ஒரு பாடம் பாஸ் பண்ணியிருக்கணும். தலைமை ஆபீஸ் போட்ட புது ரூல். மார்ச் பதினஞ்சுக்குள்ள சர்டிபிகேட் வரணும்."

"லோர்னா, நீங்க எடுத்துக்கறீங்களா?" என்று கேட்டேன்.

"ஐயய்யோ, எனக்கு எதுக்கு? நீ எடுத்துக்கோ," என்றார் லோர்னா.

அந்த நேரம் பார்த்து ஒரு லாரி வந்தது. நான் வெளியே போய்விட்டேன்.

கல்லூரியில் சேருவதற்கு போனே போதும் என்றார்கள். பேசியவர் பெயர் கிர்ஸ்டன் மோ. வேக ஆலோசகர். கணக்கு வாத்தியார் யார் என்று கேட்டேன். இந்தப் பாடத்துக்கு வாத்தியார் கிடையாது, வேக அலுவலகம்தான் உண்டு, அதில் ஆறு பேர் இருக்கிறார்கள் என்றார்.

"இது முழுக்க முழுக்க உங்க வேகம், வெல்டன். வெல்டன்னு கூப்பிடலாம்ல? உங்களை யாரும் விரட்ட மாட்டாங்க. யாரும் இழுத்துப் பிடிக்க மாட்டாங்க."

"அப்ப எப்ப வேணா ஆரம்பிக்கலாமா?"

"எப்ப வேணாலும். திங்கக்கிழமை காலைல எட்டு மணிக்கு."

"எப்ப வேணா முடிக்கலாமா?"

"எப்ப வேணாலும். மார்ச் பதினாலுக்குள்ள."

அந்தக் கணக்குக்குள் மொத்தம் ஐம்பத்திரண்டு பாடம். முதல் வாரத்தில் மாணவர் இயல்பாக எவ்வளவு வேகத்தில் போகிறார் என்று பார்ப்பார்களாம். அதுதான் அவருடைய சொந்த வேகம். அப்புறம் கடைசிவரை அந்த வேகத்தை அவரிடமிருந்து யாரும் பறிக்க முடியாது.

"முதல் வாரம் கேமரா கிடையாது," என்றார் கிர்ஸ்டன். "அதுக்கு நம்பிக்கை வாரம்னு பேரு. நம்பிக்கை முடிஞ்சதும் கேமரா வந்துடும்."

அக்டோபர் முதல் புதன்கிழமை நல்ல வெயில். வெயில் அடித்தால் பீட்ரூட்டைக் குவிக்க முடியாது, குவியல் அழுகிவிடும். மதியம் பன்னிரண்டு மணிக்கு யார்டை மூடிவிட்டார்கள். நானும் லோர்னாவும் எடை அறையில் சும்மா உட்கார்ந்திருந்தோம். லேப்டாப்பைத் திறந்தேன். முதல் கணக்கில் ஒரு தோட்டம் இருந்தது. அதன் நீளம் அகலத்தைவிட மூன்று அடி அதிகம். நாலு தடவை படித்தேன். ஐந்தாவது தடவை படிக்கும்போது அந்தத் தோட்டக்காரன்மேல் கோபம் வந்தது. காபிப் பாத்திரத்தைக் கழுவப் போனேன்.

திரும்பி வந்தால் என் நாற்காலியில் லோர்னா.

"ஏப்பா, இதுல ஒண்ணு போட்டுப் பாத்தேன். தப்பா நினைச்சுக்காத. பேப்பர்ல வர்ற நம்பர் புதிர் மாதிரியே இருக்கு."

"அதனால என்ன, பரவால்ல," என்றேன்.

பரவாயில்லை என்று சொன்னால் இந்த ஊரில் எழுந்துவிடுவார்கள். அவரும் பாதி எழுந்தார். எழுந்தபடியே இரண்டாவதையும் போட்டார். பச்சை டிக் விழுந்தது. உட்கார்ந்துவிட்டார்.

ஒவ்வொரு பாடம் முடிந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்ப்பார். நான் காபி ஊற்றுவேன். நிறுத்துங்கள் என்று சொன்னால் அவர் மனசு நோகும். இதுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம். உண்மையில் ஒவ்வொரு பச்சை டிக்குக்கும் என் உடம்பு லேசாகிக்கொண்டே போனது. மூன்றரை மணிக்கு லோர்னா கையை உதறிக்கொண்டு எழுந்தபோது பதினோரு பாடம் முடிந்திருந்தது.

"உன் கம்ப்யூட்டரை ரொம்ப நேரம் பிடிச்சு வெச்சுக்கிட்டேன், மன்னிச்சுக்கோ," என்றார் லோர்னா.

"அட, அதெல்லாம் ஒண்ணுமில்ல," என்றேன் நான்.

அதற்கு அப்புறம்தான் பத்தொன்பது நிமிட மெயில். அதைப் படித்த அன்று, இனி ஒரு புள்ளிகூட அடுத்தவர் கையால் வைக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். பன்னிரண்டாவது பாடத்தை நானே போட்டேன். மூன்று நாள் ஆனது.

முதல் நாள் மெயில் வந்தது: "உங்களைக் காணோமே!" இரண்டாவது நாள்: "எல்லாம் நலம்தானே?" மூன்றாவது நாள் ஒரு படிவம் வந்தது. அண்மையில் குடும்பத்தில் மரணம் உண்டா, விவாகரத்து உண்டா, தலையில் அடிபட்டதா என்று கேட்டிருந்தார்கள். கணக்கு கஷ்டமாக இருக்கிறது என்பதற்குக் கட்டம் இல்லை. தலையில் அடி என்ற கட்டத்தில் டிக் போட்டேன். அதுதான் கிட்டத்தட்டப் பொருந்தியது.

மறுநாள் கிர்ஸ்டன் கூப்பிட்டார்.

"வெல்டன், உங்க வேகம் உங்களைவிட்டுப் போயிடுச்சு. பயப்படாதீங்க, திரும்ப வரும். வேக மீட்பு வகுப்புன்னு ஒண்ணு வெச்சிருக்கோம். செவ்வாய்க்கிழமை சரியா நாலு மணிக்கு. ஒரு நிமிஷம் லேட்டானாலும் கதவைச் சாத்திடுவோம்."

"அங்க கணக்கு சொல்லித் தருவாங்களா?"

"இல்ல. மூச்சுப் பயிற்சி."

போனேன். மூச்சு விட்டேன். பதினான்காவது பாடம் நாலு நாள் ஆனது.

நம்பிக்கை முடிந்துவிட்டதால் கேமராவும் வந்திருந்தது. என் அறைச் சுவரில் ஒரு மான் தலை உண்டு. முன்னால் குடியிருந்தவர் விட்டுவிட்டுப் போனது. ஒருநாள் பாடம் பாதியில் நின்று, திரையில் சிவப்பு எழுத்து: "அறையில் இன்னொரு நபர்." கிர்ஸ்டனைக் கூப்பிட்டேன்.

"அது மான்," என்றேன்.

"அவர் உங்களுக்கு உதவி பண்றாரா?"

"மானுங்க. செத்த மான்."

"புரியுது வெல்டன். ஆனா படிவத்துல 'உதவுகிறார்', 'உதவவில்லை'ன்னு ரெண்டு கட்டம்தான் இருக்கு. 'உதவவில்லை' போட்டுடுங்க. அவரோட கையெழுத்து வேண்டாம், நீங்களே போடலாம்."

கையெழுத்து போட்டேன். அதற்கப்புறமும் விடவில்லை. தலையணை உறையை எடுத்து மான் தலையில் மாட்டினேன். "அறையில் முகமூடி அணிந்த நபர்" என்று வந்தது. கடைசியில் மானைக் கழற்றி, என் படுக்கையில் வைத்துப் போர்வையால் மூடினேன். இரண்டு மாதம் நான் சோபாவில் படுத்தேன்.

அதற்கு அப்புறம் என் உதடு. விரலை மடித்து, வாய்க்குள் எண்ணித்தான் எனக்குக் கணக்கு வரும். "மாணவர் யாருடனோ பேசுகிறார்" என்று புகார் வந்தது. யாருடன் பேசுகிறேன் என்று கிர்ஸ்டன் கேட்டார். என்னோடுதான் என்றேன். அது கூட்டாகப் படிப்பதில் வருமா, தனியாகப் படிப்பதில் வருமா என்று அலுவலகத்தில் ஆறு பேரும் உட்கார்ந்து பேசினார்களாம். முடிவு தெரியும்வரை வாயை மூடிக்கொண்டு கூட்டச் சொன்னார்கள்.

மெயிலில், போனில், எங்கேயும் நான் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் பாடம் போகும், வேலை போகும். அதைவிட, லோர்னாவை இழுக்க வேண்டியிருக்கும். யோக்கியன் மாதிரி அதையே காரணமாக வைத்துக்கொண்டேன். லோர்னாவும் கேட்கவில்லை. "படிப்பு எப்படிப் போகுது?" என்பார். "மோசமில்ல," என்பேன். இந்த ஊரில் வீடு தீப்பிடித்தாலும் அதுதான் பதில்.

ஆனால் ஒன்று நடந்தது. கணக்கு எனக்கு வர ஆரம்பித்தது. டிசம்பரில் அந்தத் தோட்டக்காரனை மன்னித்தேன். ஜனவரியில் வளைவுக் கோடுகள் புரிந்தன. நாற்பத்தேழாவது பாடத்தில், ஒன்றில் பாதி, அதில் பாதி, அதில் பாதி என்று கூட்டிக்கொண்டே போனால் ஒன்றை நெருங்கும், ஆனால் எத்தனை தடவை கூட்டினாலும் ஒன்றைத் தொடாது என்று இருந்தது. சிரித்துவிட்டேன். இதை நான் இருபத்திரண்டு வருடமாக சர்ச் ஹாலில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பாடம் பதினெட்டே நிமிடத்தில் முடிந்தது.

உடனே மெயில்: "வெல்டன், திரும்பி வந்துவிட்டீர்கள்! அலுவலகம் முழுவதும் கைதட்டினோம்."

நாற்பத்தெட்டாவது பாடம் மூன்று நாள். மெயில்: "மறுபடியும் போய்விட்டீர்கள்."

பிப்ரவரி கடைசியில் ஐம்பத்திரண்டாவது பாடத்தையும் முடித்தேன். மிச்சம் இருந்தது பரீட்சை மட்டும்தான். பொத்தானை அழுத்தினால் திறக்கவில்லை. "அடையாளம் குறித்த ஐயம். மார்ச் மூன்றாம் தேதி காலை பத்து மணிக்கு விசாரணைக்கு நேரில் வரவும். தங்கள் வசதிப்படி."

கல்லூரி எண்பது மைல். பனியில் ஓட்டிக்கொண்டு போனேன். அறையில் ஒரு நீள மேசை, அதன் பின்னால் மூன்று நாற்காலி, எதிரே எனக்கு ஒன்று. நடு நாற்காலியில் டீன் ஹாஃப்ஸ்ட்ராண்ட். சுத்தமாக இஸ்திரி போட்ட மனிதர். வேகவியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர் என்று பெயர்ப் பலகை சொன்னது. இந்தப் பக்கம் கிர்ஸ்டன். நேரில் பார்த்தால் நல்ல பெண். கண்ணில் நிஜமாகவே கவலை இருந்தது. அந்தப் பக்க நாற்காலி மாணவர் பிரதிநிதிக்கு. அவர் தன் வேகத்தில் வந்துகொண்டிருக்கிறார் என்றார்கள். மேசை நடுவில் ஒரு தட்டு, தட்டில் அரைத் துண்டு எலுமிச்சைக் கேக், கத்தி.

டீன் எழுந்து நின்று பேசினார். நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம், அவர் பின்வரிசைக்குக் கேட்கிற மாதிரி பேசினார்.

"இந்தப் பாடத்துல நாலு வருஷமா ஒருத்தர்கூடத் தோற்கல. நாட்டுல எந்தக் கல்லூரியும் இப்படிச் சொல்ல முடியாது. எப்படி முடிஞ்சுது? பரீட்சை வரைக்கும் யாரும் வரல. அவங்கவங்க வேகத்துல அவங்கவங்க நின்னுட்டாங்க. அதை நாங்க மதிக்கிறோம். ஒரு மாணவர் வேகமாப் படிக்கலாம், மெதுவாப் படிக்கலாம், படிக்காமலும் இருக்கலாம். மாறக் கூடாது. மாறினா அதுக்குப் பேரு கல்வி இல்ல, ஆள்மாறாட்டம்."

சொல்லிவிட்டு, கேக்கைப் பாதியாக வெட்டி ஒரு பாதியைத் தின்றார்.

"அக்டோபர்ல இருந்த வெல்டனும் இங்க உக்காந்திருக்கிற வெல்டனும் ஒரே ஆளுன்னு நீங்க நிரூபிக்கணும்."

டிரைவிங் லைசென்சை எடுத்து நீட்டினேன்.

"அது முகத்துக்கு," என்றார் டீன். "நாங்க கேக்கிறது வேகத்துக்கு."

ஒரு தாளைத் தள்ளினார். மூன்றாம் பாடத்துக் கணக்கு. அக்டோபரில் நாற்பது விநாடியில் போட்டதாம். கிர்ஸ்டன் போனில் நேரத்தை ஓடவிட்டார். வாயைத் திறக்காமல், விரலை மேசைக்கு அடியில் மடித்து, போட்டேன். ஒன்பது நிமிடம்.

"விடை சரியா இருக்கு," என்றார் கிர்ஸ்டன், கொஞ்சம் சந்தோஷமாக.

"விடையைப் பத்தி யாராவது கேட்டாங்களா?" என்றார் டீன்.

யாரும் கேட்கவில்லை. தட்டில் கால் துண்டு இருந்தது. கிர்ஸ்டன் கத்தியை எடுத்து அதைப் பாதியாக்கினார். அரைக்கால். எடுப்பார் இல்லாத துண்டு மாதிரி என் வெட்கம் அந்த மேசையில் கிடந்தது. இன்னும் எத்தனை பேர் எத்தனை தடவை வெட்டினாலும் அது தீராது என்று எனக்குக் கணக்காகவே தெரிந்தது.

"அது நான் இல்ல," என்றேன். "முதல் பதினோரு பாடத்தையும் போட்டது லோர்னா ட்வெயிட். என்கூட எடை அறையில வேலை பாக்கறவங்க. பொழுது போகாம போட்டாங்க. அவங்க மேல தப்பில்ல. நான் பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். நிறுத்துங்கன்னு சொல்லல. அதுக்கப்புறம் நாப்பத்தோரு பாடமும் நானே போட்டது. அது சத்தியம்."

சொல்லி முடித்ததும் தலையைக் குனிந்துகொண்டேன். திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் இரண்டு பேர் முகத்திலும் வெளிச்சம்.

"அப்ப உண்மையான மாணவர் கிடைச்சுட்டாங்க!" என்றார் கிர்ஸ்டன். கண் கலங்கியிருந்தது. "அஞ்சு மாசமா அவங்களைக் காணோம்னு நாங்க எவ்வளவு கவலைப்பட்டோம் தெரியுமா?"

"இல்ல, பணம் கட்டிச் சேர்ந்தது நான்."

"பணம் யார் வேணா கட்டலாம்," என்றார் டீன். "வேகம் அவங்களோடது. இந்தப் பதிவு அந்த வேகத்துக்குச் சொந்தம். நீங்க அவங்க இடத்துல உக்காந்துக்கிட்டு, அனுமதியில்லாம நாப்பத்தோரு பாடத்தைப் படிச்சிருக்கீங்க. அது அத்தனையும் ரத்து. அவங்க உங்களை மன்னிக்கிறதா எழுதிக் குடுத்துட்டா நாங்க நடவடிக்கை எடுக்க மாட்டோம்."

பிறகு கால்குலேட்டரை எடுத்தார். லோர்னாவுக்கு மிச்சம் நாற்பத்தோரு பாடம். பாடத்துக்குப் பத்தொன்பது நிமிடம். தட்டினார், அறுபதால் வகுத்தார், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"பன்னிரண்டு புள்ளி ஒன்பது எட்டு. அதாவது பன்னிரண்டு மணி தொண்ணூத்தெட்டு நிமிஷம். மார்ச் பதினாலுக்குள்ள தாராளமா முடிச்சிடலாம்."

கிர்ஸ்டன் எழுதிக்கொண்டார்.

இந்த ஊரில் தப்பைச் சுட்டிக்காட்டுவது மரியாதை இல்லை. சும்மா இருந்திருக்கலாம். ஆனால் சும்மா இருந்து நான் வந்து நின்ற இடம் அந்த நாற்காலி.

"பதிமூணு மணி நேரத்துக்கு ஒரு நிமிஷம் குறைச்சல்," என்றேன். "பன்னிரண்டு மணி அம்பத்தொம்பது நிமிஷம்."

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் சர்ச் ஹாலில் விழுந்த அதே மௌனம். டீன் என்னை நன்றாகப் பார்த்தார்.

"கணக்கு தெரிஞ்சவர் மாதிரி பேசறீங்க," என்றார். "ஆரம்பத்துலேர்ந்து எங்க சந்தேகமே அதுதான்."

வாசல் வரைக்கும் கிர்ஸ்டன் கூட வந்தார். புதிதாகச் சேர்ந்தால் எனக்கும் சொந்தமாக ஒரு வேகம் கண்டுபிடித்துத் தருவதாகச் சொன்னார். கையில் ஒரு விளம்பரத் தாளைக் கொடுத்தார். ஓடுகிற மான்.

எடை அறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம் இரண்டு மணி. குளிர்காலம் முழுவதும் வெளிக் குவியல்களிலிருந்து பீட்ரூட் வந்துகொண்டேதான் இருக்கும். லோர்னா ஜன்னலில் இருந்தார். ஆட்காட்டி விரலில் புது பிளாஸ்திரி. மேசையில் அவர் கொண்டுவந்த எலுமிச்சைக் கேக் தட்டு. காலையிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் வெட்டி வெட்டி, ஓரத்தில் ஒரு துண்டு மிச்சம் இருந்தது.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மான், சோபா, விசாரணை, நாற்காலி, டீன் போட்ட கணக்கு, அவர் பெயரைச் சொன்னது, பதிவு அவர் பெயருக்கு மாறியது, அவர் என்னை மன்னித்து எழுதித் தர வேண்டியது.

லோர்னா ஒரு சீட்டை அடித்து ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். லாரி போனது.

"தொண்ணூத்தெட்டு நிமிஷம்னா சொன்னாரு?"

"ஆமா."

"டீனா?"

"ஆமா."

"ம்," என்றார். அப்புறம், என் பக்கம் திரும்பாமலே, "அன்னைக்கு ஒவ்வொரு பாடம் முடிஞ்சப்பவும் நான் உன்னை நிமிந்து பாத்தேன், வெல்டன்," என்றார்.

"தெரியும்."

"நீ போதும்னு சொல்லுவேன்னு பாத்தேன். நீயானா காபி ஊத்திக்கிட்டே இருந்த. பதினோரு கப் காபி. அன்னைக்கு நான் தூங்கவே இல்லப்பா."

"ஏன் லோர்னா அதை அப்பவே கேக்கல?"

"கேட்டா நல்லாவா இருக்கும்? நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

ஐந்து மாதம் இருந்திருக்கிறார். தினமும் "படிப்பு எப்படிப் போகுது?" என்று கேட்டிருக்கிறார். அது விசாரிப்பு இல்லை, எனக்கு அவர் திறந்து வைத்த கதவு. நான் தினமும் "மோசமில்ல" என்று சொல்லி அதைச் சாத்தியிருக்கிறேன்.

அந்த நிமிடம்தான் செப்டம்பர் மாதத்து லாரி என் ஞாபகத்துக்கு வந்தது. பொய் சொல்கிறேன். அது ஞாபகத்தைவிட்டுப் போனதே இல்லை. அன்றைக்கு வந்தது ஒரே ஒரு லாரி. அது தன்பாட்டுக்கு வரிசையில் நின்றிருக்கும். மூன்று தடவை கேட்க வேண்டும் என்று தெரிந்தேதான் நான் ஒரு தடவை கேட்டுவிட்டு வெளியே போனேன்.

"லோர்னா," என்றேன். "அந்த மேற்பார்வை வேலை உங்களுக்கு வேணுமா?"

"ஐயய்யோ, எனக்கு எதுக்கு," என்றார், டக்கென்று.

வெளியே அடுத்த லாரி வந்து மேடை ஏறியது. நான் நகரவில்லை.

"அந்த வேலை உங்களுக்கு வேணுமா லோர்னா?"

"நீ கஷ்டப்பட்டுப் படிச்ச. சோபாவுல வேற படுத்திருந்திருக்க. எனக்கென்ன, இன்னும் நாலஞ்சு வருஷம், இப்படியே ஓட்டிடுவேன்." சீட்டு அடிக்கும் இயந்திரத்தைப் பார்த்தபடி பேசினார். ஆட்காட்டி விரலின் பிளாஸ்திரியைக் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.

"வேணுமா?" என்று மூன்றாவது தடவை கேட்டேன்.

லோர்னா எழுந்தார். சீட்டை வெளியே கொடுத்தார். பிறகு ஜன்னலை இழுத்துச் சாத்தினார். அது சாத்தக்கூடிய ஜன்னல் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அறைக்குள் காற்று நின்றது.

"வேணும்," என்றார். "செப்டம்பர்லயே வேணும்னுதான் இருந்துச்சு."

சொல்லிவிட்டு மேசைக்கு வந்தார். தட்டில் இருந்த கடைசித் துண்டைப் பார்த்தார். கத்தியைத் தொடவில்லை. துண்டை முழுசாக எடுத்து வாயில் வைத்தார்.

வெளியே இரண்டு லாரிகள் நின்றிருந்தன. நான் போய்க் கையைக் காட்டி அவற்றை நிறுத்தி வைத்தேன். ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தால் லோர்னா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, அவசரமில்லாமல் மென்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை.